வன்முறையைக் கண்ட குழந்தையின் பயத்தைத் தணித்தல்: படிகளும் அவற்றின் வரிசையும்

கொலை, குண்டுவெடிப்பு, துப்பாக்கிச்சூடு, கும்பல் தாக்குதல் போன்ற ஒன்றிலிருந்து உயிர்தப்பிய குழந்தையின் எதிரில் உட்கார்ந்து, "என்ன பார்த்தாய், மனம்விட்டுச் சொல்லிவிடு" என்று தொடங்குவதே உதவிக்கு வரும் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் காரியம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான் கேட்ட சிறுமி பதில் சொல்லாமல் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த இரண்டு நாள்கள் என் பக்கமே வரவில்லை.

பேச்சு இந்த வேலையின் பிற்பகுதியில் வர வேண்டிய படி. அதற்கு முன்பு முடிக்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தால் பிறகு செய்யும் எதுவும் பிடிப்பதில்லை. ஆகவே எதைச் செய்வது என்பதோடு எதற்குப் பிறகு செய்வது என்பதையும் இங்கே விளக்கியிருக்கிறேன். பெற்றோர், உறவினர், ஆசிரியர், தன்னார்வலர் ஆகியோருக்காக எழுதப்பட்ட இது சிகிச்சைக்கு மாற்று ஆகாது. எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பது பத்தாம் பகுதியில் இருக்கிறது.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

முதலில், குழந்தைக்குப் பொறுப்பாக ஒரே ஒரு பெரியவரை முடிவுசெய்யுங்கள். அடுத்த சில வாரங்கள் குழந்தை தூங்கும்போதும் விழிக்கும்போதும் அருகில் இருக்கக்கூடியவராகவும், குழந்தைக்கு முன்பே பழக்கமானவராகவும் அவர் இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு புதிய முகம் வந்து அன்பு காட்டிவிட்டுப் போவது குழந்தைக்கு ஆறுதலாக அமைவதில்லை. ஒவ்வொரு முகமும் நம்பத்தக்கதா என்று மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கும் சுமையையே அது தருகிறது.

அடுத்து, உடல் பரிசோதனை. வெளிக்காயம் இல்லை என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள். வெடிப்புக்கு அருகில் இருந்த குழந்தை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அதிர்ச்சியில் உறைந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்; செவிப்பறை கிழிந்து காது கேட்காமல் இருக்கலாம். தலையில் அடிபட்ட குழந்தையின் மந்தநிலையும் பயத்தால் வரும் மந்தநிலையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்றாவதாக, ஒரு நோட்டுப் புத்தகம். குழந்தை எதை நேரில் பார்த்தது, எதைக் கேட்டது, பிறகு யார் அதனிடம் என்ன சொன்னார்கள் என்பதை மற்றவர்களிடம் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். குழந்தையிடம் விசாரிக்க வேண்டாம். எந்தச் சத்தம், எந்த மணம், எந்த இடம் அதைத் திடுக்கிட வைக்கிறது என்பதையும் தேதியோடு குறித்துவையுங்கள். ஒன்பதாம் பகுதியில் வரும் வேலை இந்தக் குறிப்புகள் இல்லாமல் நடக்காது.

2. ஆபத்து உண்மையிலேயே முடிந்ததா என்று உறுதிசெய்யுங்கள்

தாக்கியவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால், அல்லது திரும்பி வர வாய்ப்பு இருந்தால், அந்தப் பயம் சரியான பயம். அதைத் தணிக்க முயல்வது குழந்தையைக் காக்கும் ஒரே எச்சரிக்கையையும் பறிப்பதாகும். அப்போது செய்ய வேண்டியது, காவல்துறை, குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு ஆகியவற்றின் துணையோடு குழந்தையை அந்த இடத்திலிருந்து வெளியேற்றுவது மட்டுமே.

ஆபத்து முடிந்திருந்தால், குடும்பத்தில் எஞ்சியிருப்பவர்களைச் சேர்த்தே வையுங்கள். "இங்கே இருந்தால் அதையே நினைத்துக்கொண்டிருக்கும்" என்று சொல்லிக் குழந்தையைத் தொலைவில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவது நல்லெண்ணத்தில் செய்யப்படும் பெரிய தவறு. இரண்டாம் உலகப் போரில் இலண்டன் குண்டுவீச்சுக்கு நடுவே குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும், குண்டுவீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளை அதிகம் நிலைகுலைத்தது என்று பதிவுசெய்தார்கள். இடம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், பொறுப்பான அந்தப் பெரியவரும் உடன் போக வேண்டும்.

3. முதலில் பெரியவரை நிலைப்படுத்துங்கள்

குழந்தை சூழலை நேரடியாக அளப்பதில்லை. பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதை அறிகிறது. கதவு தட்டப்படும்போது தாயின் தோள் இறுகினால், "ஒன்றுமில்லை" என்று வாயால் பத்து முறை சொன்னாலும் குழந்தை தோளைத்தான் நம்பும்.

இதற்காகப் பெரியவர் துயரத்தை மறைக்க வேண்டியதில்லை. அழுவதைக் குழந்தை பார்த்துவிட்டால், "அம்மாவுக்கு வருத்தமாக இருக்கிறது, அதனால் அழுகிறேன், ஆனாலும் உன்னை என்னால் பார்த்துக்கொள்ள முடியும்" என்று சொல்வது போதுமானது. அழுகையைவிட, அழவே இல்லை என்ற பாசாங்குதான் குழந்தையைக் குழப்புகிறது. ஆனால் கட்டுக்கடங்காமல் கதறும் நிலையிலோ, நாள் முழுவதும் எழுந்திருக்க முடியாத நிலையிலோ அவர் இருந்தால், முதல் உதவி அவருக்கே போக வேண்டும். அவருக்குச் சாப்பாடு, தூக்கம், அவரது துக்கத்தைக் கேட்க வேறொரு பெரியவர் ஆகிய மூன்றையும் ஏற்பாடு செய்துவிட்டால் குழந்தைக்கான வேலையில் பாதி முடிந்துவிடும்.

துக்கத்தின் பாரத்தைக் குழந்தையின் மேல் இறக்கிவைக்க வேண்டாம். "இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை", "தங்கைக்கு இனி நீதான் அம்மா" என்று துக்க வீட்டுக்கு வருபவர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அன்றிலிருந்து அழுவதையும் விளையாடுவதையும் நிறுத்திவிடுகிறது. பொறுப்பு வந்துவிட்டது என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

4. செய்தியையும் கைப்பேசியையும் விலக்குங்கள்

இது எளிய படி. இருந்தும் அதிகம் தவறவிடப்படுவது இதுவே. தொலைக்காட்சியில் ஒரே காட்சி ஐம்பது முறை காட்டப்பட்டால், சிறு குழந்தைக்கு அது ஐம்பது வெவ்வேறு சம்பவங்களாகத் தோன்றக்கூடும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் சில நாள்கள் கழித்து அமெரிக்கா முழுவதும் எடுக்கப்பட்ட ஒரு கருத்தாய்வில், 35 சதவீதக் குழந்தைகளிடம் ஒரு மன அழுத்த அறிகுறியாவது தென்படுவதாகப் பெற்றோர் தெரிவித்தனர். அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சம்பவ இடத்தின் அருகில்கூட இருந்தவர்கள் அல்லர்.

பெரிய பிள்ளைகளிடமிருந்து கைப்பேசியைப் பறிப்பது பயன் தராது. வேறொருவரின் கைப்பேசியில் பார்த்துக்கொள்வார்கள். என்ன பார்த்தார்கள் என்று கேட்டு, வதந்தியைத் திருத்தி, இறந்தவர்களின் படங்களைப் பகிர்வதில்லை என்று சேர்ந்து முடிவெடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். குழந்தை தூங்கிவிட்டது என்று நினைத்து அடுத்த அறையில் பெரியவர்கள் பேசும் பேச்சும் இந்தக் கணக்கில் சேரும்.

5. நடந்ததை உண்மையாகச் சொல்லுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் படி இதுதான், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். குழந்தையை நடந்ததைச் சொல்லவைப்பதும் குழந்தைக்கு நடந்ததைச் சொல்வதும் வேறு வேறு. முன்னதைத் தள்ளிப்போடலாம், பின்னதைத் தள்ளிப்போடக் கூடாது. பெரியவர்கள் சொல்லாமல் விடும் இடத்தைக் குழந்தை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும், அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைக் காட்டிலும் கொடியதாக இருக்கும்.

சொல்வதற்கு முன் குழந்தைக்கு என்ன தெரியும் என்று அறிந்துகொள்ளுங்கள். "மற்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டாயா?" என்பதுபோன்ற திறந்த கேள்வி ஒன்று போதும். பதில் வரவில்லை என்றால் வற்புறுத்தாமல் நீங்களே தொடங்குங்கள். வாக்கியங்கள் சிறியவையாகவும் உண்மையாகவும் இருக்கட்டும்: "ஒருவர் துப்பாக்கியோடு வந்தார். பலரைச் சுட்டார். அவரைக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். மாமா இறந்துவிட்டார்." குழந்தை கேட்காத விவரங்களை, குறிப்பாகக் காயங்கள் பற்றியவற்றைச் சேர்க்க வேண்டாம்; கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம்.

மரணத்தைச் சொல்லும்போது "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "தூங்குகிறார்" என்று சொன்னால் குழந்தை இரவில் கண்மூட மறுக்கும். "வெளியூர் போயிருக்கிறார்" என்று சொன்னால் வாசலில் காத்திருக்கும், தன்னிடம் சொல்லாமல் போனதற்காகக் கோபமும் கொள்ளும். "சாமி கூட்டிக்கொண்டார்" என்பது நம்பிக்கையுள்ள பெரியவருக்கு ஆறுதலாக இருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது அடுத்துத் தன்னையும் கூட்டிக்கொள்ளப்போகும் ஒருவரைப் பற்றிய செய்தி. சமய நம்பிக்கையைச் சொல்ல விரும்பினால், முதலில் உடல் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டுப் பிறகு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி மூச்சு விடாது, வலிக்காது, பசிக்காது, திரும்பி வராது.

மரணம் மீளாதது, எல்லோருக்கும் வருவது என்ற புரிதல் பொதுவாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் உருவாகிறது. ஆகவே அதற்கும் சிறிய குழந்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் "மாமா எப்போது வருவார்?" என்று மறுபடியும் கேட்கும். அதே பதிலை அதே சொற்களில், அதே பொறுமையோடு சொல்லுங்கள். பதில் மாறுகிறதா என்பதைத்தான் அது சோதிக்கிறது. ஒவ்வொரு முறையும் பதில் மாறாமல் இருப்பது அதற்குக் காலூன்ற ஓர் இடம் தருகிறது.

கேட்கப்படாத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். நான் அடம்பிடித்ததால்தான் இது நடந்தது, அன்று காலை அவரோடு சண்டை போட்டதால்தான் இறந்தார் என்று குழந்தை தன்னையே காரணமாக்கிக்கொண்டிருக்கும். அதை வெளியே சொல்லாது. "நீ செய்ததாலோ சொன்னதாலோ நினைத்ததாலோ இது நடக்கவில்லை" என்று, குழந்தை கேட்காவிட்டாலும், வேறு வேறு நாள்களில் சொல்லுங்கள். பதின்வயதினரிடம் இதுவே "நான் ஓடிவிட்டேன், அவன் மாட்டிக்கொண்டான்" என்ற குற்றவுணர்வாக இருக்கும். அவர்களிடம் "ஓடியது சரி, அந்த நொடியில் உன் உடம்பு உன்னைக் காப்பாற்றியது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, "இனி எதுவும் நடக்காது" என்று வாக்குறுதி தராதீர்கள். எதிர்பாராதது நடக்கும் என்று குழந்தை கண்ணால் பார்த்துவிட்டது. அந்த வாக்குறுதியைத் தரும் பெரியவர் ஒன்றும் அறியாதவர், அல்லது பொய் சொல்கிறார் என்று அது முடிவுசெய்யும். "இப்போது இந்த வீட்டில் நாம் பாதுகாப்பாக இருக்கிறோம். கதவைப் பூட்டியிருக்கிறேன். உன் பக்கத்திலேயே படுத்திருப்பேன்" என்று சரிபார்க்கக்கூடியவற்றை மட்டும் சொல்லுங்கள். குழந்தை எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தால் பார்க்கட்டும்.

6. நாளின் ஒழுங்கையும் தூக்கத்தையும் மீட்டெடுங்கள்

எழும் நேரம், சாப்பிடும் நேரம், குளிக்கும் நேரம், படுக்கும் நேரம் ஆகிய நான்கையும் முதல் வாரத்திலேயே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் போனதே வன்முறை செய்த முதல் சேதம். அடுத்து என்ன என்று முன்கூட்டியே தெரிகிற ஒவ்வொரு மணி நேரமும் அதைச் சிறிது சரிசெய்கிறது. சிறு வேலைகளையும் விட்டுவிடாதீர்கள். பாவம் என்று எண்ணி எல்லா விதிகளையும் தளர்த்திவிடும் வீட்டில் குழந்தை மேலும் அலைபாய்கிறது.

படுக்கையை நனைத்தல், விரல் சூப்புதல், மழலையாகப் பேசுதல், தனியாகக் கழிவறைக்குப் போக மறுத்தல் ஆகியவை வரும். கடந்துவந்த பருவத்துக்குக் குழந்தை தற்காலிகமாகத் திரும்பிச் செல்வதாக இவற்றைக் கருதுங்கள். திட்டவும் வேண்டாம், பிறர் முன் பேசவும் வேண்டாம். விரிப்பை மாற்றிவிட்டு மறுபடி தூங்கவையுங்கள். பொதுவாகச் சில வாரங்களில் தானாகவே குறையும்.

இரவில் அலறினால், எந்த நேரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல் அலறி, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது ஆழ்ந்த தூக்கத்தில் வரும் இரவுப் பீதி. உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாதபடி பக்கத்தில் இருந்தால் போதும். பின்னிரவில் விழித்து அழுது, கண்ட கனவைச் சொல்ல முடிந்தால் அது கொடுங்கனவு. அணைத்து, விளக்கைப் போட்டு, எங்கே இருக்கிறோம் என்று சொல்லுங்கள். மறுநாள் பகலில், குழந்தை விரும்பினால், அந்தக் கனவின் முடிவை மாற்றி வரையச் செய்யலாம்.

தனியாகப் படுக்க மறுக்கும் குழந்தையை உங்கள் அருகில் படுக்கவைப்பதில் முதல் சில வாரங்களுக்குத் தவறில்லை. எப்போது எப்படித் திரும்புவது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள்.

7. உடம்பைத் தணிக்கக் கற்றுக்கொடுங்கள்

மூளையின் எச்சரிக்கை மணி இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வயிறு வலிக்கிறது என்று விளக்குங்கள்: "உன் உடம்புக்குள் ஒரு காவலாளி இருக்கிறான். அன்று அவன் நன்றாக வேலை செய்தான். இப்போது பூனை வந்தாலும் திருடன் என்று கத்துகிறான். அவனுக்கு மெதுவாகச் சொல்லிக்கொடுப்போம்." தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அஞ்சும் பெரிய பிள்ளைகளுக்கும் இந்த விளக்கமே நிம்மதி தருகிறது.

பிறகு மூச்சு. மூன்று எண்ணும் வரை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும் வரை வெளியே விடச் சொல்லுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிகிறது. சிறு குழந்தைக்கு எண்ணிக்கை புரியாது, சோப்புக் குமிழி ஊதச் சொன்னால் போதும், ஏனெனில் பெரிய குமிழிக்கு நீண்ட மெல்லிய மூச்சு தேவை. இதைக் குழந்தை அமைதியாக இருக்கும்போது நாளுக்கு இரண்டு முறை பழக்க வேண்டும். பீதியின் உச்சத்தில் முதல்முறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று கைவிடுபவர்கள் பலர். வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்பிப்பது போன்றது அது.

கண்ணை மூடச் சொல்லாதீர்கள். கண்ணை மூடியதும் அந்தக் காட்சி வந்துவிடுகிறது என்று பல குழந்தைகள் சொல்கின்றன. கண்ணைத் திறந்தபடியே, தெரியும் ஐந்து பொருள்கள், கேட்கும் மூன்று சத்தங்கள், தொட முடிந்த இரண்டு பொருள்கள் ஆகியவற்றைச் சொல்லவைப்பது குழந்தையை நிகழ்காலத்துக்கு அழைத்துவரும்.

8. விளையாட்டையும் பேச்சையும் குழந்தையின் போக்கில் விடுங்கள்

இப்போதுதான் பேச்சு வருகிறது, அதுவும் குழந்தை திறக்கும் கதவு வழியாக மட்டும். காகிதம், வண்ணக்கோல், சிறு பொம்மைகள், கட்டைகள் ஆகியவற்றை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நீங்களும் தரையில் உட்காருங்கள். "நடந்ததை வரை" என்று சொல்லாதீர்கள். குழந்தை பொம்மைகளை வைத்துச் சுட்டு விளையாடினால் தடுக்க வேண்டாம். கட்டுப்பாட்டை இழந்த ஒரு நிகழ்வை அது தன் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கிக்கொண்டிருக்கிறது.

விளையாட்டு மாறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். நாளாக ஆகக் கதையில் ஆம்புலன்ஸ் வருகிறது, யாரோ தப்பிக்கிறார்கள், முடிவு மாறுகிறது என்றால் நல்லது. அதே காட்சி, அதே முடிவு, மகிழ்ச்சியே இல்லாத அதே முகம் என்று வாரக்கணக்கில் நீண்டால் அது வேறு வகை. 1976 இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்ற ஊரில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு நிலத்தடியில் புதைத்து வைக்கப்பட்டுத் தப்பிய 26 குழந்தைகளில் பெரும்பாலோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், இத்தகைய மாறாத விளையாட்டு பயத்தைத் தணிப்பதில்லை என்று எடுத்துக்காட்டினார். அப்போது மெதுவாக உள்ளே நுழையலாம்: "இந்தப் பொம்மைக்கு உதவ யாராவது வருவார்களா?"

குழந்தை பேசத் தொடங்கினால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள். சொன்னதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லுங்கள், "சரி, அதை மறந்துவிடு" என்று மூட வேண்டாம், "பிறகு என்ன ஆயிற்று?" என்று துருவவும் வேண்டாம். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, சம்பவம் நடந்த சில நாள்களுக்குள் ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அந்த நிறுவனம் 2011 இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பாருங்கள், கேளுங்கள், இணையுங்கள் என்ற மூன்றையே அடிப்படையாக வைக்கிறது. கதையைக் கறப்பது அதில் இல்லை.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. குழந்தை சாட்சியாக இருக்கக்கூடும் என்றால், "அவன் சிவப்புச் சட்டைதானே போட்டிருந்தான்?" என்பதுபோன்ற கேள்வி அதன் நினைவையே மாற்றிவிடும். விசாரணையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். செய்தியாளர்களிடம் குழந்தையைப் பேசவிடாதீர்கள்.

9. தவிர்ப்பதைக் குறைக்க ஏணி கட்டுங்கள்

தூக்கமும் உணவும் ஓரளவு சீராகி, மூச்சுப் பயிற்சி கைவந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் வாரம் ஆகும். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, குழந்தை எதையெல்லாம் தவிர்க்கிறது என்று பாருங்கள். இன்றும் ஆபத்தானவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ஆபத்தில்லாமல் நினைவை மட்டும் கிளறுபவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இது: பயப்படும் ஒன்றிலிருந்து விலகி ஓடும் ஒவ்வொரு முறையும் உடனே நிம்மதி கிடைக்கிறது, ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அதனால் முதலில் அந்தத் தெரு, பிறகு எல்லாத் தெருக்களும், பிறகு வாசலே என்று பயம் பரவுகிறது. நின்று பார்த்து, பயம் தானாகத் தணிவதை உடம்பு உணர்ந்தால்தான் அந்தப் பாடம் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு. கதவை உடைத்துக்கொண்டு ஆட்கள் நுழைந்ததைக் கேட்ட பத்து வயதுச் சிறுவனால் மூடிய அறைக்குள் இருக்க முடியவில்லை. கதவு தட்டப்பட்டால் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்கிறான். அவனோடு சேர்ந்து கட்டிய ஏணி இப்படி இருந்தது: கதவு பாதி திறந்திருக்க, நான் உள்ளே; கதவு மூடியிருக்க, நான் உள்ளே; கதவு மூடியிருக்க, நான் வெளியே ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம்; சொல்லிவிட்டு மெதுவாகத் தட்டுதல்; சொல்லிவிட்டு ஓங்கித் தட்டுதல்; "இன்றைக்குத் தட்டுவேன், எப்போது என்று சொல்ல மாட்டேன்" என்று அவனுடைய சம்மதத்தோடு தட்டுதல். அவன் தானாகவே இன்னொரு படியைச் சேர்த்தான்: அவன் வெளியே நின்று தட்ட, நான் உள்ளே பயப்பட வேண்டும். அந்தப் படியில்தான் அவன் முதல்முறையாகச் சிரித்தான்.

ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். மூன்று அல்லது நான்கு மதிப்பெண் தரும் படியில் தொடங்கி, அந்த மதிப்பெண் பாதியாகக் குறையும் வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் இருக்கும்போது வெளியேறினால் பழைய பாடமே உறுதிப்படும். எட்டுக்கு மேல் போய்விட்டால் அது நீங்கள் செய்த தவறு, படி பெரிதாகிவிட்டது. ஒரு படி இறங்கி, அங்கே அமைதியான பிறகே நிறுத்துங்கள். துணிச்சலான வீடுகளில் "ஒரே நாளில் அந்த இடத்துக்கே கூட்டிப்போய் நிறுத்தினால் பயம் போய்விடும்" என்பார்கள். போகாது, உங்கள் மேலிருந்த நம்பிக்கைதான் போகும்.

ஒரே நேரத்தில் ஓர் ஏணி போதும். பாராட்டுவது பயப்படாமல் இருந்ததற்காக இருக்கக் கூடாது, பயத்தோடு நின்றதற்காக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் குழந்தை பயத்தை மறைக்கக் கற்றுக்கொள்ளும். சம்பவம் நடந்த இடத்துக்கே திரும்பிச் செல்வது, இறந்தவரின் காட்சி மீண்டும் மீண்டும் கண்முன் வருவது போன்றவற்றுக்கு நீங்களாக ஏணி கட்ட வேண்டாம்; அவை பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் வேலை.

பள்ளியும் இதே முறையில்தான். அதிக நாள் வீட்டில் இருந்தால் திரும்பிச் செல்வது கடினமாகிக்கொண்டே போகும், ஆகவே முதல் வாரம் அரை நாளாவது அனுப்புங்கள். வன்முறை நடந்ததே பள்ளியில் என்றால் வகுப்பு வேறு இடத்தில் தொடங்கினால் நல்லது. தாங்க முடியாவிட்டால் வகுப்பிலிருந்து எழுந்து யாரிடம் போவது என்பதையும், தீயணைப்புப் பயிற்சி மணியை முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிப்பதையும் ஆசிரியரோடு பேசி முடிவுசெய்யுங்கள். கவனச்சிதறலும் மதிப்பெண் சரிவும் சோம்பல் அல்ல என்பதை ஆசிரியருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

10. எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்

முதல் மாதத்தில் மேலே சொன்ன அறிகுறிகள் அனைத்தும் வரலாம். பெரும்பாலான குழந்தைகளிடம் படிப்படியாகக் குறைகின்றன. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2014 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பேரதிர்ச்சிக்கு உள்ளான குழந்தைகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தினருக்கு அது நீடித்த மனக்காய நோயாக மாறுகிறது; மனிதர் மனிதருக்குச் செய்யும் வன்முறையில் இந்த விகிதம் அதிகம். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையோ படிப்பையோ உறவுகளையோ கெடுத்தால் காத்திருக்காதீர்கள்.

சில நிலைகளில் ஒரு மாதமும் காத்திருக்கக் கூடாது. சாவதைப் பற்றிப் பேசுதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், சாப்பிடவோ குடிக்கவோ மறுத்தல், பேச்சு முழுவதுமாக நின்றுபோதல், சுற்றி நடப்பது தெரியாமல் நீண்ட நேரம் வெறித்திருத்தல், பதின்வயதினரிடம் போதைப் பழக்கமோ பழிவாங்கும் திட்டமோ தென்படுதல் ஆகியவை அன்றே உதவி தேட வேண்டிய அறிகுறிகள். அடம்பிடிக்காமல், அழாமல், யாருக்கும் தொந்தரவு தராமல் இருக்கும் குழந்தையையும் மறக்காமல் கவனியுங்கள். உதவி தேவைப்படும் குழந்தைகளின் பட்டியலில் கடைசியாக எழுதப்படும் பெயர் பெரும்பாலும் அதுதான்.

சிகிச்சை என்று செல்லும்போது, பேரதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (ஆங்கிலத்தில் TF-CBT) பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகளில் செய்யப்படும் இதற்குக் குழந்தைகளிடம் வலுவான ஆய்வுச் சான்று இருக்கிறது. பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு மாதக்கணக்கில் நடத்தப்படும் ஆலோசனையைக் கண்டால் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

தூக்க மாத்திரை, பதற்றம் தணிக்கும் மாத்திரை ஆகியவற்றை வீட்டில் இருக்கிறதே என்று கொடுக்காதீர்கள். அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில், பதற்றத்தைத் தணிக்கவும் தூக்கத்துக்கும் தரப்படும் பென்சோடயசெப்பின் வகை மருந்துகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

11. திரும்பி வரும் நாள்களுக்கு முன்பே திட்டமிடுங்கள்

முதல் ஆண்டு நிறைவு, இறந்தவரின் பிறந்தநாள், வழக்கு விசாரணைக்கு வரும் நாள், வேறெங்கோ இதேபோன்ற வன்முறை நடந்ததாகச் செய்தி வரும் நாள் ஆகியவற்றையொட்டிப் பழைய அறிகுறிகள் சில நாள்களுக்குத் திரும்பும். எல்லாம் வீணாகிவிட்டது என்று அப்போது பல பெற்றோர் மனம் உடைகிறார்கள். நாள்காட்டியில் முன்பே குறித்துவைத்து, ஒரு வாரம் முன்னதாக, "அந்த நாள் வரப்போகிறது, உன் காவலாளி மறுபடியும் கத்தலாம்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டால் அதன் வீரியம் குறைகிறது.

அன்று என்ன செய்வது என்று குழந்தையையே கேளுங்கள். சிலர் இறந்தவருக்குக் கடிதம் எழுத விரும்புவார்கள், சிலர் வழக்கம்போலப் பள்ளிக்குப் போக விரும்புவார்கள், இரண்டுமே சரி. அன்றைய இரவுக்கு மட்டும் பழைய ஏற்பாட்டைத் தயாராக வைத்திருங்கள்: விளக்கு எரியட்டும், கதவு குழந்தை சொல்லும் அளவுக்குத் திறந்திருக்கட்டும், நீங்கள் கூப்பிடும் தூரத்தில் இருங்கள்.